நீச்சல் குளத்து நெடி எங்கிருந்து வருகிறது?

 

இந்தக் கோடை விடுமுறையில் உங்களில் பலர் பிள்ளைகளை நீச்சலில் சேர்த்திருக்கிறீர்கள். சந்தோஷம். கூடவே எனக்கு வருகிற கேள்வியும் ஒன்றுதான். "டீச்சர், அந்தத் தண்ணியில மருந்து கலக்குறாங்களே, பிள்ளைக்குக் கெடுதல் இல்லையா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலைக்கு வந்து எல்லாப் பாடமும் எடுத்தவள். காலையில் வரலாறு, மத்தியானம் அறிவியல் என்று நடத்திப் பழகியதால் இந்தக் கேள்விக்கும் இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வருகிறது.

முதலில், குளோரின் கலக்காத காலத்தில் நீச்சல் குளம் எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1846-ல் பொதுக் குளியல் இல்லங்களுக்கான சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளர்களின் வீடுகளில் குழாய் கிடையாது. குளிக்கவும் துணி துவைக்கவும் நகராட்சிகளே கட்டடம் கட்டிக் கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். அதைத் தொடர்ந்து நீச்சல் குளங்களும் பெருகின. ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்ய வழி எதுவும் இல்லை. குளத்தை நிரப்புவார்கள், வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வடித்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். தண்ணீர் மாற்றிய நாளில் கட்டணம் அதிகம். நாள் ஆக ஆகத் தண்ணீர் கலங்கும், கட்டணமும் குறையும். கையில் காசு இல்லாதவன் எந்த நாளில் போயிருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மான்செஸ்டர் நகரில் 1906-ல் விக்டோரியா குளியல் இல்லம் என்று ஒன்றைத் திறந்தார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஓடு பதித்த சுவர் என்று அரண்மனை மாதிரி கட்டடம். உள்ளே மூன்று குளங்கள். புதுத் தண்ணீர் முதலில் போவது முதல் வகுப்பு ஆண்களின் குளத்துக்கு. அவர்கள் நீந்தி முடித்த தண்ணீர் இரண்டாம் வகுப்பு ஆண்களின் குளத்துக்கு. அதற்கும் பிறகுதான் பெண்களின் குளத்துக்கு. ஆண்கள் இரண்டு தடவை குளித்த தண்ணீரில் மூன்றாவதாகப் பெண்கள் நீந்தியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வெகு நேரம் மனசு ஆறவில்லை.

அழுக்கு கண்ணுக்குத் தெரியும். கிருமி தெரியாது. டைபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் தண்ணீர் வழியாகப் பரவிய காலம் அது. அதே இங்கிலாந்தில் மெய்ட்ஸ்டோன் என்ற ஊரில் 1897-ல் குடிநீர் கெட்டு டைபாய்டு பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது அந்த ஊரின் தண்ணீர்க் குழாய்களைச் சுத்தம் செய்ய ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து விட்டார்கள். நம் ஊர்க் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பஞ்சாயத்து ஆள் வாளியில் கரைத்து ஊற்றுவாரே, அதே பிளீச்சிங் பவுடர்தான்.

அந்தப் பொடியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவீடனில் ஷீலே என்ற வேதியியலாளர் 1774-ல் ஒரு மஞ்சள்-பச்சை வாயுவைப் பிரித்தெடுத்தார். இது ஒரு தனிமம் என்று கண்டு 1810-ல் குளோரின் என்று பெயர் வைத்தவர் ஹம்ப்ரி டேவி. வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இடையில் 1799-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் இந்த வாயுவைச் சுண்ணாம்போடு சேர்த்துப் பொடியாக்கக் காப்புரிமை வாங்கினார். எதற்காக? துணி வெளுக்க. அதுவரை துணியை மாதக்கணக்கில் வெயிலில் விரித்துப்போட்டு வெளுத்துக்கொண்டிருந்தார்கள்.

துணி வெளுக்கும் பொடி 1847-ல் ஒரு மருத்துவமனையில் உயிர் காத்தது. வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவமான தாய்மார்கள் காய்ச்சல் கண்டு கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். இந்தப் பொடி கரைத்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வர வேண்டும் என்று விதி போட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. கிருமி என்ற விஷயமே அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கையில் இருந்த பிண நாற்றத்தை இந்தப் பொடி போக்கியது, அதனால் இதைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு பெரிய நகரத்தின் குடிநீரில் அன்றாடம் இதைக் கலக்கத் துணிந்தவர் அமெரிக்காவின் ஜான் லீல் என்ற மருத்துவர். 1908 செப்டம்பர் 26 அன்று ஜெர்சி சிட்டி நகரின் தண்ணீரில் ஆரம்பித்தார். நகராட்சியிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. விஷயம் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. இந்தத் தண்ணீரை உங்கள் வீட்டாருக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்குத் தயங்காமல் கொடுப்பேன் என்றார் லீல். தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. பிறகு ஊர் ஊராக இந்த முறை பரவி, டைபாய்டு சாவுகள் சரிந்தன.

நீச்சல் குளத்தின் முறை 1910-ல் வந்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பங்கர் என்ற ஆராய்ச்சி மாணவர் கல்லூரிக் குளத்தில் பிளீச்சிங் பவுடரைக் கலந்து கிருமிகளின் எண்ணிக்கை என்ன ஆகிறது என்று பார்த்தார். அன்று தொடங்கிய பழக்கம்தான் இன்று உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக் குளம் வரை வந்திருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அதே குளோரினை 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர என்ற இடத்தில் ஜெர்மன் படை 150 டன்னுக்கு மேல் காற்றில் திறந்துவிட்டது. எதிரில் பதுங்குகுழியில் இருந்த வீரர்கள் மூச்சு முட்டிச் செத்தார்கள். ஆக, உயிரைக் காப்பதும் எடுப்பதும் ஒரே பொருள். எவ்வளவு, எங்கே, எதோடு சேர்ந்து என்பதுதான் விஷயம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலி கிருமி ஒரு நிமிடத்துக்குள் சாகும். மஞ்சள்காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸுக்கு சுமார் 16 நிமிடம் ஆகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒன்று மட்டும் 10 நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும்.

இப்போது நெடிக்கு வருவோம். குளத்து வாசலில் கால் வைத்ததும் மூக்கில் ஏறுகிறதே, "குளோரின் நல்லா போட்டிருக்காங்க, தண்ணி சுத்தமா இருக்கு" என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை நேர் எதிர். சரியாகப் பராமரிக்கும் குளத்தில் நெடி அவ்வளவாக இருக்காது. நம் வியர்வையிலும் சிறுநீரிலும் யூரியா, அம்மோனியா எல்லாம் இருக்கின்றன. குளோரின் அவற்றோடு வினை புரிந்து குளோரமைன் என்ற பொருள்களாக மாறுகிறது. மூக்கைத் துளைப்பதும், கண்ணைச் சிவக்க வைப்பதும், இருமல் கொண்டுவருவதும் பெரும்பாலும் இவைதான். இவற்றில் டிரைகுளோரமைன் என்ற ஒன்று சுலபமாகக் காற்றில் கலக்கும். தண்ணீருக்குச் சற்று மேலே, நீந்துகிறவர் மூச்சு இழுக்கிற அதே இடத்தில் தங்கும். கூரை போட்டு மூடிய குளத்தில் போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும்.

சிறுநீர் என்று சொன்னதும் முகம் சுளிக்காதீர்கள். 2017-ல் கனடாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். குளிர்பானங்களில் சேர்க்கும் ஒரு செயற்கை இனிப்பு உடம்பில் செரிக்காமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும். குளத்து நீரில் அந்த இனிப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கணக்குப் போட்டார்கள். சுமார் 8 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர் கொண்ட ஒரு குளத்தில் 75 லிட்டர் சிறுநீர்! கணக்குப் பாடம் பிடிக்காது என்று சொன்னவர்களுக்கும் இந்தக் கணக்கு மறக்காது.

சரி, இதனால் நுரையீரலுக்கு என்ன ஆகும்? இங்கேதான் நிதானம் வேண்டும். குளோரின் தண்ணீரில் உள்ள கரிமப் பொருள்களோடு சேர்ந்து வேறு பொருள்களை உண்டாக்குகிறது என்பதை 1974-ல் ரூக் என்ற டச்சு வேதியியலாளர் குடிநீரில் கண்டு சொன்னார். 1990-களில் பிரான்சில் மூடிய குளங்களில் வேலை பார்த்த உயிர்காப்பாளர்களுக்குக் கண், மூக்கு, தொண்டை எரிச்சல் இருப்பதை ஆராய்ந்து, டிரைகுளோரமைனோடு தொடர்புபடுத்தினார்கள். 2003-ல் பெல்ஜியத்தில் பெர்னார்ட் குழுவினர், மூடிய குளங்களுக்கு அடிக்கடி போகும் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமாவுக்கும் குளத்துக்கும் தொடர்பு தெரிகிறது என்று எழுதினார்கள். உலகமெங்கும் பெற்றோர் பயந்துபோனார்கள்.

அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பாடம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 5,700-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து 10 வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வந்தது. நீச்சலால் ஆஸ்துமா கூடியதாக அதில் தெரியவில்லை. மாறாக, நிறைய நீந்திய பிள்ளைகளுக்கு நுரையீரல் திறன் சற்று நன்றாகவே இருந்தது, ஏற்கெனவே இளைப்பு இருந்த பிள்ளைகளுக்கும்கூட. இதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனாவில் மூடிய குளங்களை ஆராய்ந்தவர்கள் தண்ணீரில் நூற்றுக்கு மேற்பட்ட துணைப்பொருள்களைக் கண்டார்கள். ஆனால் நீச்சலை விடச் சொல்லவில்லை, அந்தப் பொருள்களைக் குறைக்கச் சொன்னார்கள். தினமும் பல மணி நேரம் மூடிய குளத்தில் இருக்கும் வீரர்களும் பயிற்சியாளர்களும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள்.

நீச்சலை விடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் அதில் ஏராளம். ஒவ்வொரு கோடையிலும் ஏரி, கிணறு, கல்குவாரிக் குட்டை என்று நம் செய்தித்தாளிலும்தான் படிக்கிறோம்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட நாடு ஐஸ்லாந்து. மீன்பிடித்துப் பிழைத்த ஜனங்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகு கவிழ்ந்தும், நீந்தத் தெரியாமல் செத்தவர்கள் அங்கே அதிகம். அதனால் 1940-ல் பள்ளிகளில் நீச்சலைக் கட்டாயமாக்கினார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் அங்கே தாராளம், ஊருக்கு ஊர் குளம் கட்டினார்கள். அங்கே ஒரு கறாரான விதி உண்டு. குளத்தில் இறங்கும் முன் உடையைக் களைந்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்தே ஆக வேண்டும். தலை, அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். குளிக்காமல் நழுவுகிறவர்களைத் திருப்பி அனுப்பப் பணியாளரும் இருப்பார். வெளிநாட்டுக்காரர்கள் கூச்சப்படுவார்கள். அவர்கள் அசைந்து கொடுப்பதில்லை.

ஜெர்மனியிலும் இதே எண்ணம்தான். அங்கே தண்ணீரை முதலில் நன்றாக வடிகட்டி அழுக்கை எடுத்துவிடுகிறார்கள். அதனால் லிட்டருக்கு 0.3 முதல் 0.6 மில்லிகிராம் குளோரினே போதும் என்று தர விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் குறைந்தபட்சமே 1 மில்லிகிராம். குளோரமைன் வகை 0.2-ஐத் தாண்டக் கூடாது என்பதும் ஜெர்மன் விதி. அழுக்கு குறைந்தால் மருந்தும் குறையும், மருந்தும் அழுக்கும் சேர்ந்து பிறக்கும் நஞ்சும் குறையும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே இந்த ஒரு வரிதான்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவருடைய மகள் இப்போது நீச்சலில் நன்றாக வருகிறாள். கண் சிவக்கிறது, முடி வைக்கோல் மாதிரி ஆகிறது என்று வீட்டுப் பாட்டி, "பொம்பளப் பிள்ள கறுத்துப் போச்சு, போதும் நிறுத்துங்க" என்கிறாராம். பாட்டியின் கவலை பாசத்தில் வந்தது, கோபித்துக்கொள்ள வேண்டாம். கறுப்பது வெயிலால், அது தானே சரியாகும். கண்ணுக்கும் முடிக்கும் வழி இருக்கிறது. ஆண் பிள்ளைக்குக் கண் சிவந்தால் கண்ணாடி வாங்கித் தருகிறோம், பெண் பிள்ளைக்குக் கண் சிவந்தால் நீச்சலை நிறுத்துகிறோம். அதை மட்டும் செய்யாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன்.

இனி செய்ய வேண்டியவை.

இறங்கும் முன் ஒரு நிமிடம் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். சும்மா தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வது கணக்கில் சேராது. கழிப்பறைக்குப் போய்விட்டு வர வேண்டும். சின்னப் பிள்ளைகளை மணிக்கு ஒரு முறை வெளியே கூட்டிப் போங்கள்.

முடி கெடாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தடவி அனுப்புகிறோம். அந்த எண்ணெய் குளத்தில் கலந்து, வடிகட்டியில் படிந்து, குளோரினையும் தின்னும். அதற்குப் பதில் நல்ல தண்ணீரில் தலையை நன்றாக நனைத்துத் தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நல்ல தண்ணீர் குடித்த முடி குளத்துத் தண்ணீரை அதிகம் இழுக்காது. எண்ணெய் வீட்டுக்கு வந்து குளித்த பிறகு.

கண்ணாடி அவசியம். 1972 ஒலிம்பிக்கில் 7 தங்கம் வாங்கிய மார்க் ஸ்பிட்ஸ் கண்ணாடி இல்லாமலேதான் நீந்தினார். அது அந்தக் காலம். இன்று கண்ணாடி இல்லாத நீச்சல் வீரரையே பார்க்க முடியாது.

தண்ணீரை வாயில் எடுத்துக் கொப்பளித்து விளையாடக் கூடாது. வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்துப் பக்கமே போகக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, நீச்சல் உடையையும் அலச வேண்டும்.

முடிந்தவரை திறந்தவெளிக் குளமாகப் பாருங்கள். கூட்டம் சேருமுன் காலையில் போவது நல்லது. மூடிய குளம் என்றால் ஜன்னல் திறந்திருக்கிறதா, காற்றாடி ஓடுகிறதா என்று கவனியுங்கள். அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். வாசலிலேயே நெடி ஆளைத் தூக்கினால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். பிள்ளைக்கு இரவில் இருமல், இளைப்பு இருந்தால் குளத்தைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"உப்புத் தண்ணீர்க் குளம், குளோரினே இல்லை" என்று விளம்பரம் செய்தால் ஏமாறாதீர்கள். அந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைத்தான் உண்டாக்குகிறார்கள். ஓசோனும் புற ஊதா விளக்கும் நல்ல துணைதான். ஆனால் அவற்றின் வேலை குழாய்க்குள்ளேயே முடிந்துவிடும், குளத்துக்குள் காவலுக்குக் கொஞ்சம் குளோரின் இருந்தே ஆக வேண்டும்.

வீட்டிலோ குளத்திலோ பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஈப்ர போர்க்களத்தில் வந்த அதே வாயு அதிலிருந்து கிளம்பும். கழிப்பறை கழுவும்போதும் இது பொருந்தும்.

கடைசியாக, உங்களில் பலர் இன்று குடியிருப்புச் சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். குளோரின் அளவையும் பி.எச். அளவையும் தினமும் சோதித்து எழுதிவைக்கும் நோட்டு இருக்கிறதா? பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்கிறதா? அது கூடினால் குளோரின் சரியாக வேலை செய்யாது, குறைந்தால் கண் எரியும். மூன்றாவது, குளத்துப் பக்கத்து ஷவரில் தண்ணீர் வருகிறதா, அங்கே சோப்பு வைத்திருக்கிறீர்களா? சோதிக்கும் பட்டை ஒன்றும் பெரிய விலை இல்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் மாதிரி படம் வரைந்து ஒட்ட வேண்டுமென்றால் சொல்லுங்கள், சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

பிள்ளைகள் நன்றாக நீந்தட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்